எனக்கு மட்டும் பெரிய பூட்ஸ்

தோழிகளே, இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எப்படியும் அம்மா வரை போய்விடும்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அலாஸ்காவுக்குக் கப்பலில் போகிறோம் என்று பெருமையடித்தேன் அல்லவா? ஒரே வாரம்தான். கப்பல் ஏறுவதும் இறங்குவதும் கனடாவில், வான்கூவரில். அங்கேதான் மாமா வீடு.

இன்று குளிர் உடைகள் எடுக்கக் கிள்ளானில் ஒரு கடைக்குப் போனோம். அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்தார்கள். எனக்கு மட்டும் எல்லாமே புதிதாக வாங்கினார்கள்.

பூட்ஸ் போட்டு நடந்தால் கால் உள்ளே வழுக்கியது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, கோமாளி மாதிரியே இருக்க!"

கடை அக்காவும் சொன்னார். "ஆன்டி, இது ரொம்பப் பெருசு லா. ஒரு வாரத்துக்கு ஏன் வாங்குறீங்க?"

"வளர்ற பிள்ளைமா. அடுத்த வருஷமும் போடணும்ல," என்றார் அம்மா.

நம் மலேசிய வெயிலில் அடுத்த வருடம் யார் பூட்ஸ் போடுவார்கள்? அப்பாவைப் பார்த்தேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா என் பெட்டியை அடுக்கினார். கம்பளிச் சட்டைகளுக்கு மேல் என் தீபாவளிச் சுடிதாரை வைத்தார். தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது.

"அம்மா, என்னை மாமா வீட்டுல விட்டுட்டு வரப் போறீங்களா?"

"பைத்தியம் மாதிரி பேசாத. போய்ப் படு."

இல்லை என்று அவர் சொல்லவில்லை.

'பயப்படாதே' என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். 'இல்லை' என்று சொல்ல உங்கள் அம்மாக்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டுச் சொல்லுங்—

கதவைத் தட்டுகிறார்கள்