விரல் கணுக்கள்

மட்டாஞ்சேரியில் நான் கணக்குச் சொல்லித்தரும் மூன்றாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணத் தடையில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனால் ஒரு கையிலேயே பன்னிரண்டு வரை எண்ணலாம். எண் மனத்தில் பதிந்ததும் விரல் தானாக ஓய்ந்துவிடும். இருபது வருஷமாகப் பார்க்கிறேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

போன மாதம் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. அவரும் என்னைப்போலப் பாலக்காட்டுத் தமிழர்தான். "மூணாங்கிளாஸ்ல இன்னும் விரலா? மனக்கணக்காப் போட வையுங்கோ டீச்சர்," என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிள்ளைகள் இருந்ததால் வருகைப் பதிவேட்டை மட்டும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

பிறகு அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, அன்று வந்திருந்த பதினேழு பெண்பிள்ளைகளையும் பதினான்கு ஆண்பிள்ளைகளையும் கூட்டி எழுதப் பேனாவை எடுத்தார். அவருடைய இடது கை மெல்ல மேஜைக்கு அடியில் போனது. அங்கே கட்டைவிரல் கணுக்கணுவாக நகர்ந்தது.

முதல் பெஞ்சுச் சிறுமி குனிந்து பார்த்துவிட்டாள்.

"சாரே, கையை மேல வெச்சே எண்ணுங்க," என்றாள் ஆறுதலாக. "எங்க டீச்சர் ஒண்ணும் பறையமாட்டாங்க."