பெரியப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நான் வைத்த பெயர் பெரியப்பா. மூலையில் நின்றுகொண்டு நாள் முழுக்க முனகும், இடத்தை அடைக்கும், அவசரத்துக்கு உதவாமல் படுத்துவிடும். வேறு என்ன பெயர் வைப்பது?

ஆனால் நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்கு ஒரு வங்கியில் துப்புரவு வேலை. காலை ஐந்துக்குப் போய் மூன்று மாடியையும் கூட்டித் துடைத்துவிட்டுப் பன்னிரண்டுக்கு வருவாள். வந்ததும் அக்காவின் கைக்குழந்தையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். அதற்கப்புறம் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "சித்த நேரம் உட்காரேம்மா" என்றால், "உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாதுடி" என்பாள். சாப்பாடும் நின்றபடிதான். ஃப்ரிட்ஜ் அவள் மார்பளவு உயரம். அதன் தலையில் தட்டை வைத்து, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கவளம். ரெண்டே நிமிஷம். கோழி கூட இன்னும் நிதானமாகக் கொத்தும்.

நான் பத்தாவது கணக்கில் கோட்டை விட்டவள். காலையில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அம்மா வந்ததும் மறுதேர்வு வகுப்புக்குப் போவேன். போகிறேன் என்றுதான் வீட்டில் நினைப்பு.

அக்கா சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். மாமா லாரியோடு எங்கேயோ இருப்பார். குழந்தைக்கு டப்பாப் பால் ஒத்துக்கொள்ளாது, குடித்த வேகத்தில் கக்கிவிடும். அதனால் அக்கா தாய்ப்பாலைப் பீய்ச்சி, சின்ன பாட்டில்களில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கிவிட்டுப் போவாள். அந்தப் பால் இருந்தால்தான் அவள் வேலைக்குப் போக முடியும். அவள் போனால்தான் வாடகை.

பெரியப்பா முதல் தடவை நின்றபோது ஒரு மெக்கானிக் வந்தார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதனால் அவர் பெயர் பார்க்கலாம் அண்ணன்.

"ரிலே போயிருக்கு."

"மாத்தினா சரியாயிடுமாண்ணே?"

"பார்க்கலாம்."

"எவ்ளோ ஆகும்?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் "பார்க்கலாம்" சொல்லவில்லை. ஏற்கெனவே காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் ரிலே. அப்புறம் பிளக். நாலாவது தடவை கம்ப்ரஸரே போய்விட்டது. அதன் விலையைக் கேட்டுவிட்டு அக்கா ரொம்ப நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பெனியில் முன்பணம் வாங்கி, அதற்காக எட்டு ஞாயிறு தொடர்ந்து வேலைக்குப் போக ஒப்புக்கொண்டாள். அன்றைக்குக் கெட்டுப்போன ஒன்பது பாட்டில் பாலையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஊற்றினாள். அழவில்லை. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். என்னிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"இதான் கடைசி" என்றாள். "இன்னொரு தடவை நின்னா நான் வேலையை விட்டுடறேன். என் உடம்புல இனிமே ஒண்ணும் இல்ல."

அம்மா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

புது கம்ப்ரஸர் போட்ட மறுவாரம் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. வகுப்புக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, பின்பக்கமாக வந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கையில் ஒரு சொம்பு. சொம்புக்குள் பேசினால் குரல் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். அம்மா தட்டை வைத்ததும் பெரியப்பா குரலில், "ஏம்மா, என் தலை என்ன சாப்பாட்டு மேசையா?" என்று கேட்பதாகத் திட்டம்.

அம்மா வந்தாள். தட்டை வைத்தாள். நான் சொம்பை வாயருகே கொண்டுபோனேன்.

அவள் கையை நீட்டி ஃப்ரிட்ஜின் சுவிட்சை அணைத்தாள். முனகல் நின்றது. பெரியப்பாவின் பக்கவாட்டில், குழந்தையைத் தட்டுவதுபோல் ரெண்டு தட்டு தட்டினாள்.

"பாவம், விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து ஓடுற. உடம்பெல்லாம் சுடுது பாரு. நான் சாப்பிடற வரைக்குமாவது சும்மா இரு."

ரெண்டு நிமிஷம். தட்டைக் கழுவினாள். சுவிட்சைப் போட்டாள். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், தொண்டையில் முள் சிக்கிய மாதிரி ஒரு இழுப்பு, கொஞ்ச நேரம் திணறி, அப்புறம்தான் ஓடியது.

நான் சொம்பை வைத்துவிட்டு வந்த வழியே போனேன். நேராகப் பார்க்கலாம் அண்ணன் கடைக்கு.

"அணைச்சா அஞ்சு பத்து நிமிஷமாவது விட்டுத்தான் போடணும்" என்றார். "உடனே போட்டா கம்ப்ரஸர் மூச்சு முட்டும். தினமுமா பண்றாங்க?"

"சாப்பிடறப்ப ஒரு தடவை. டீ குடிக்கறப்பவும் இருக்கும்ணே."

"அதான் சங்கதி. கொஞ்சம் மெதுவா சாப்பிட்டிருந்தா ஃப்ரிட்ஜ் பிழைச்சிருக்கும்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் யாருக்குச் சிரிப்பு வராவிட்டாலும் எனக்கு வரும்.

"அண்ணே, நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா வெளையாட்டுன்னு நினைப்பாங்க. ஆனா யார் பண்ணதுன்னு கேட்கக்கூடாது. அக்கா காதுக்கும் போகக்கூடாது."

"பார்க்கலாம்" என்றார். மறுநாளே வந்தார்.

"புதுசு போட்டிருக்கே, எப்படி ஓடுதுன்னு பார்க்க வந்தேம்மா" என்று காதை வைத்துக் கேட்டார். "இதுக்கு ஓய்வு தானா எடுத்துக்கத் தெரியும். சத்தம் நின்னா தூங்குதுன்னு அர்த்தம். சுவிட்சை அணைச்சு உடனே போட்டு எழுப்பினாத்தான் உயிர் போயிடும். பழைய கம்ப்ரஸர் அப்படித்தான் போச்சு."

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கூரையில் பல்லி இருப்பதுபோல் அண்ணாந்துகொண்டேன்.

"எவ்ளோ நேரம் தூங்கும்?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அது இருக்கும்மா, முப்பது தடவை."

"கொடுத்து வெச்சது" என்றாள் அம்மா.

அவர் போனபிறகு சுவரைப் பார்த்து, "எட்டு ஞாயிறுடி" என்றாள். அக்காவிடம் இன்றுவரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பால் ஒரு பாட்டில்கூடக் கெடவில்லை. அக்கா காலர் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

சுவிட்சின் மேல் நான் ஒரு காகிதம் ஒட்டினேன். 'பெரியப்பா தூங்கினால் அம்மாவும் உட்காரவும். இப்படிக்கு, நிர்வாகம்.' அம்மா படித்துவிட்டு, "போடி, கணக்குல பெயிலானவ எனக்குச் சட்டம் போடறா" என்றாள். கிழிக்கவில்லை.

நேற்று மதியம் வகுப்பு கிடையாது. (இருந்தது.) குழந்தை தொட்டிலில். அம்மா தட்டை எடுத்ததும் முனகல் தானாகவே நின்றது. காகிதத்தைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். கால் ரெண்டும் வீங்கியிருந்தன. ரெண்டாவது கவளம் வாய்க்குப் போகவில்லை. தட்டு மடியில் இருக்க, தலை ஃப்ரிட்ஜில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அப்படியே தூங்கிப்போனாள்.

தட்டை மெல்ல எடுத்தேன். அதற்குள் பெரியப்பாவின் தூக்கம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. உள்ளே 'டக்' என்றது, உறும ஆரம்பித்தார்.

"உஷ்" என்றேன்.