கோபால் அண்ணனின் கிளட்ச்

பழைய வண்டி பார்க்கிற மெக்கானிக்குக் கஷ்டம் வண்டியால் வருவதில்லை, வண்டியோடு கூடவே வந்து நம் முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஓனரால் வருகிறது. தையல்காரர்களும் முடிதிருத்துகிறவர்களும் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். புக்கிட் மேராவில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு பிக்கப் லாரியின் கதை இது.

காலணிக்கு அனுமதி இல்லை

கோபால் அண்ணனுக்கு லிட்டில் இந்தியாவில் பூமாலைக் கடை. கடை வேலைக்கு வேன் இருக்கிறது. இந்தப் பிக்கப்பை ஞாயிற்றுக்கிழமை மட்டும் மார்சிலிங் வீட்டிலிருந்து எடுத்து ஒரு சுற்று சுற்றுவார், அதுவும் வெறுங்காலோடு. உள்ளே யாரும் காலணியோடு ஏறக்கூடாது. நான் பூட்ஸ் போட்ட காலை வெளியே நீட்டிக்கொண்டு, தலைகீழாகப் படுத்துப் பெடலைப் பார்த்தேன். கிளட்ச் பெடல் அழுத்தும்போது கீழே போவதற்கு முன் பக்கவாட்டில் சாய்ந்து பிரேக்குக்கு ஒரு முத்தம் கொடுத்தது.

அடுத்த வாரம் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன். கூடவே வந்திருந்த அவர் மனைவி அமுதா அக்கா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: "தம்பி, பாஸ் ஆனா வீட்டுக்கு வரட்டும், ஃபெயில் ஆனா அன்னைக்கே ஸ்கிராப்புக்குப் போகட்டும். கூட இவரையும் எடுத்துக்கிட்டாங்கன்னா சந்தோஷம்."

சந்தன ரப்பர்

பிரேக் பெடலின் ரப்பர் மேல் அழுக்கு கனமாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினேன். மஞ்சளாக வந்தது, பிறகு சிவப்பாக, மறுபடி மஞ்சளாக. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அண்ணன் பெடலுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறார். துடைத்தால் பாவம் என்று அதன் மேலேயே மிதித்திருக்கிறார். சுரண்டிக்கொண்டே போனால் கடைசியில் இரும்பு வந்துவிட்டது. ரப்பர் எந்தக் காலத்திலோ தேய்ந்து போயிருக்கிறது. அண்ணன் இத்தனை நாளும் மிதித்தது காய்ந்த சந்தனத்தை.

என்னோடு வேலை செய்கிற லிம், என்னிடமே தமிழ் கற்றவர், குனிந்து பார்த்துவிட்டு, "பிரதர், ரப்பர் எங்க லா? பூஜை மட்டும்தான் இருக்கு" என்றார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பிரேக் விளையாட்டுச் சாமானா என்று அண்ணனைக் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பரவசம். "பார்த்தீங்களா தம்பி, ரப்பரே இல்லாம இத்தனை வருஷம் பிரேக் பிடிச்சிருக்கு. வேற யாரு பிடிச்சிருப்பா?"

முடிச்சு

பெடலைத் தாங்குகிற கம்பியைத் தட்டிக் கழற்றினோம். கம்பிக்கும் பெடலுக்கும் நடுவில் புஷ் என்கிற பித்தளை வளையம் இருக்க வேண்டும். அது தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. அதன் மேல் மாலை கட்டுகிற நூலைச் சுற்றிச் சுற்றி, வரிசையாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார் அண்ணன். கல்யாண மாலையில்கூட நான் அப்படி ஒரு நெருக்கமான கட்டுப் பார்த்ததில்லை. லிம் கத்தி எடுத்தார், பிறகு பெரிய கத்தி எடுத்தார், கடைசியில் ரம்பம் எடுத்தார்.

நீள்வட்டமாகத் தேய்ந்திருந்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்து, புதிதாகத் துளை போட்டு, லேத்தில் கடைந்த புது புஷ்ஷை உள்ளே தட்டினேன். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் புது ரப்பர் மாட்டினேன். அண்ணன் அறுந்த நூலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க பித்தளை எத்தனை நாள் தாங்குதுன்னு நானும் பார்க்கிறேன்."

கால் போன போக்கு

இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அமுதா அக்காவும் கடை வேனில் வந்து நின்றிருந்தார். பெடல் இப்போது இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் இருந்தது. அண்ணனின் இடது கால் மட்டும் பழைய இடத்துக்கே போனது. கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி குதித்தது. எதிரே சாப்பாட்டுக் கடை வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

இப்படிப் போனால் இன்ஸ்பெக்‌ஷன் வாசலிலேயே ஃபெயில்தான். அண்ணன் வியர்த்துப்போய் இறங்கி, மனைவிக்குக் கேட்காமல் என் காதோரம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கே பாவமாகப் போய்விட்டது. "தம்பி, பழையபடி கொஞ்சம் ஆடுற மாதிரி பண்ணிக் குடுக்க முடியுமா?"

சாவி

"தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அமுதா அக்கா ஏறி உட்கார்ந்தார், ஸ்போர்ட்ஸ் ஷூவோடு. அக்கா தினமும் மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறவர், அதுவும் கிளட்ச் உள்ள வேன். பிக்கப் பூனை மாதிரி நகர்ந்தது. நான் நடுவில், அண்ணன் ஜன்னலோரம். வழி முழுக்க அவர் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

என்னை இறக்கிவிட ஒர்க்‌ஷாப் வந்ததும் அண்ணன் ஓடிப்போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். அக்கா இறங்கவில்லை. கிளட்சை இன்னொரு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. சொன்ன மாதிரி வீட்டுக்கே கொண்டுபோறேன். நீங்க வேன்ல வாங்க."

அன்றிலிருந்து சாவி அக்கா கையில்தான். அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, கோபால் அண்ணன்தான் வாரா வாரம் வந்து ஏதாவது ஒரு கோளாறு கண்டுபிடித்துக் கொடுக்கும்படி என்னைக் கெஞ்சுகிறார்.