லாட்ஜில் ஒரு பெண் பெயர்

‘லாட்ஜில் வேலை பார்க்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் ஒதியம்பட்டில் தலைநிமிர்ந்து நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பதினோரு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன். எங்களுடையது ரூம் வாடகைக்கு விடும் லாட்ஜ் இல்லை, ஃப்ரீமேசன் லாட்ஜ். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வந்த ஒரு சகோதர சங்கம். ஆண்கள் மட்டும்தான் உறுப்பினர். கூடுகிற மண்டபத்துக்கு லாட்ஜ் என்று பெயர், தலைவருக்கு மாஸ்டர் என்று பெயர். நான் அங்கே டைப்பிஸ்ட், கிளார்க், சாவி வைத்திருப்பவள், எல்லாம்.

ராப்பகலாக டைப் அடித்துக் கொடுத்துவிட்டு, கீழே இன்னொருத்தர் கையெழுத்து விழுவதை வேடிக்கை பார்த்த என் சகாக்களே, இது உங்களுக்குத்தான். ஒரு புத்தக அட்டையில் என் பெயர் வருமா வராதா என்று நான் போட்ட சண்டையைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால், எப்பேர்ப்பட்ட இடத்தில் குப்பை கொட்டுகிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஏ.சி.யா, நான்-ஏ.சி.யா?

வில்லியனூர் தேர்த் திருவிழா வந்தால் போச்சு. போன் மேப்பில் ‘லாட்ஜ்’ என்று தேடிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஒருமுறை மதகடிப்பட்டிலிருந்து ஒரு பெரியவர், மனைவி, மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு மூட்டைப் புளியோதரை. நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் மருமகள் கொடியில் துணியைக் காயப்போட்டுவிட்டாள்.

இது சங்கம், இங்கே யாரும் தங்குவதில்லை என்று மூன்று தரம் சொன்னேன். பெரியவர் மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரொம்பப் பரிதாபமாகச் சொன்னார்: “இம்மாம் பெரிய கட்டடம் கட்டி, ஒரு அட்டாச்டு பாத்ரூம் கூட இல்லன்னா, இது இன்னா லாட்ஜும்மா?”

மேசன் என்றால் மேசன்

எங்கள் வாசல் கதவில் சங்கத்துச் சின்னம் இருக்கும். மூலைமட்டமும் கவராயமும். கொத்தனார் கையில் இருக்கிற அதே சாமான்கள்தான். அதைப் பார்த்துவிட்டு பண்டசோழநல்லூரிலிருந்து கலியபெருமாள் மேஸ்திரி ஒருநாள் வந்து நின்றார். கையில் ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ. மேசன் சங்கத்தில் சேர வேண்டுமாம்.

எங்கள் ஆட்கள் டாக்டர், வக்கீல், ரிட்டயர்டு புரொபசர் என்று சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை. பேசிக்கொண்டே சுவரில் கையை வைத்து அழுத்தினார். பொலபொலவென்று பூச்சு உதிர்ந்தது. மறுவாரம் அவரே ஆள் கூட்டி வந்து அந்தச் சுவரைப் பூசிக் கொடுத்தார் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: “இத்தினி மேசன் இருக்கீங்க, ஒருத்தனுக்கும் கரண்டி புடிக்கத் தெரில. அதான் செவுரு இப்டி ஓதம் அடிச்சிக் கெடக்குது.”

வரலாற்றுக் குழு

லாட்ஜ் ஆரம்பித்ததன் ஆண்டு நிறைவு விழா வந்தது. வரலாறு எழுத வேண்டும் என்று மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். குழு நான்கு தடவை கூடியது, நான்கு தடவையும் மசால் வடை சாப்பிட்டது. பழைய நடவடிக்கைப் புத்தகங்கள் பிரெஞ்சில் இருந்தன. பாதி செல்லரித்தது, மீதி கிறுக்கல். ஒருத்தரும் தொடவில்லை.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் பிரெஞ்சு படித்தவள். நான் எழுதுகிறேன், ஆனால் அட்டையில் என் பெயர் வர வேண்டும் என்று சொன்னேன். செக்ரட்டரி சபாபதி சார், ரிட்டயர்டு வக்கீல், பார்க்கலாம் என்றார். எட்டு மாதம். தூசியில் தும்மித் தும்மி, அகராதியைப் புரட்டிப் புரட்டி, இருநூறு பக்கம் எழுதி முடித்தேன். அச்சகத்திலிருந்து அட்டை மாதிரி வந்தது. ‘தொகுப்பு: வரலாற்றுக் குழு’ என்று போட்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். நேரே போய்க் கேட்டேன். சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “தனலட்சுமி, நம்ம லாட்ஜ் ஏட்டுல பொம்பளைங்க பேரு வந்த வழக்கமே இல்லம்மா.”

திரு. வி. ரத்தினம் அவர்கள்

மண்டபத்தில் ஒரு மரப்பலகை உண்டு. ‘இந்நிலத்தை வழங்கிய வள்ளல் திரு. வி. ரத்தினம் அவர்கள்’. வருஷா வருஷம் அதற்கு மாலை போடுவோம். சபாபதி சார் ரத்தினம் பிள்ளையின் முறுக்கு மீசையைப் பற்றியும் குதிரை வண்டியைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசுவார். ஆனால் முதல் நடவடிக்கைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த வள்ளலை ‘அவள்’ என்று எழுதியிருந்தது. பிரெஞ்சில் நாற்காலிக்கே ஆண்பால் பெண்பால் உண்டு, அந்தக் கூத்தில் இதுவும் ஒன்றாக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

அட்டை விவகாரத்தில் மனசு நொந்து வூட்டில் உட்கார்ந்திருந்தபோது என் மாமியாருக்குத் தபால் வந்தது. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சொல்தா. அவர் போனபிறகு பென்ஷன் கடுதாசி மாமியார் பெயருக்கு வரும். உறையைப் பார்த்தேன். மாமியார் பெயருக்கு முன்னால் பெரிய ‘வி’, அதன் பக்கத்தில் பொடியாக இரண்டு எழுத்து. நடவடிக்கைப் புத்தகத்தில் ரத்தினம் பெயருக்கு முன்னால் இருந்த அதே மூன்று எழுத்து. அத்தை, உங்களுக்கு இனிஷியல் ‘வி’ இல்லையே, இது என்ன என்று கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். அது ‘வெவ்’ என்பதன் சுருக்கம், பிரெஞ்சில் விதவை என்று அர்த்தம்.

அப்படியானால் எங்கள் வள்ளல் ஒரு பெண். பலகை எழுதினவன் அதை இனிஷியல் என்று நினைத்து, பொடி எழுத்தை விட்டுவிட்டு, முன்னால் ஒரு ‘திரு’வையும் போட்டுவிட்டான்.

மறுநாள் கமிட்டியில் நடவடிக்கைப் புத்தகத்தையும் மாமியாரின் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ‘விதவை ரத்தினம் தன் நிலத்தைத் தானாக மனமுவந்து கொடுத்தாள்’ என்று நிறுத்தி நிதானமாகப் படித்தேன். சபாபதி சார் வாங்கிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வக்கீல் அல்லவா, தோற்ற கேஸ் அவருக்கும் தெரியும். எங்கள் மாஸ்டர், டாக்டர் ஐயா, அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்: “சபாபதி, மொதப் பக்கத்துலயே ஒரு அம்மா இருக்காங்க. அவங்க நெலத்துலதான் நீயும் நானும் உக்காந்துனு இருக்கோம். அட்டைய மாத்தி அடிக்கச் சொல்லு.”

விழா

பலகையில் ‘திரு’ போய் ‘திருமதி’ வந்தது. அட்டையில் ‘எழுதியவர்: ம. தனலட்சுமி’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. மேடையில் முதல் பிரதியை என் மாமியாரை வாங்க வைத்தார்கள். சபாபதி சாரே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மாலை போட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். உங்களில் எத்தனை பேருக்காகவோ சேர்த்து அழுததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் அட்டையைத் தடவிப் பார்த்தார். முதல் பக்கத்தில் நான் அச்சடிக்க வைத்திருந்த அந்த மூன்று எழுத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் காதில் மட்டும் சொன்னார்: “உங்க மாமா போன நாள்லேர்ந்து கடுதாசி வந்தா இந்த எழுத்த நான் ஏறெடுத்துப் பாக்கறதில்ல. இன்னிக்குத்தான்டி தனம், கண்ணு நெறைய பாத்தேன்.”

மண்டபக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உறுப்பினர்கள் என்ன ரகசியம் பேசுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அவர்களுக்கே தெரியாத அவர்கள் ரகசியத்தை அச்சில் ஏற்றியவள் நான்தான்.