நான் கடலில் எறிந்த நோட்டு

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் ஆரம்பித்தது இது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் குப்பம். கரையில் மீன் காயவைத்து விற்பது என் தொழில். என் மாமியார் விரித்த அதே மணலில் நாற்பது வருஷமாக நானும் நெத்திலி விரிக்கிறேன். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை.

திருப்போரூர் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு காலேஜ் இருக்கிறது. விடிந்ததும் அதன் குட்டி விமானங்கள் எங்கள் தலைக்கு மேல் வட்டம் போடும். அந்த மாசியில் ஒரு நாள் காலையில் ஒரு விமானத்தின் மேல் பருந்து மோதிவிட்டது. கண்ணாடி உடைந்து முகமெல்லாம் ரத்தமாக, ஓட்டிய மாணவி எப்படியோ இறக்கிவிட்டாள். உயிர் பிழைத்தாள். அடுத்த வாரமே காலேஜ் ஆட்கள் கரைக்கு வந்தார்கள். நீங்கள் மீன் காயவைப்பதால்தான் பருந்து வருகிறது, இடத்தைக் காலி செய்யுங்கள் என்றார்கள். பருந்து மோதிய நேரத்தில் எங்கள் மீன் கூடையே மணலுக்கு வந்திருக்கவில்லை. அதைச் சொன்னால் கேட்டார்களா? கலெக்டருக்கு மனு போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள்.

அதற்கப்புறம் ஒரு அம்மா தனியாக ஸ்கூட்டியில் வர ஆரம்பித்தார். ஐம்பது வயதிருக்கும். அந்தக் காலேஜில் புரொபசர். இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டச் சொல்லித் தருகிறாராம். அடிபட்ட பெண்ணும் அவரிடம் படித்தவள்தானாம். எந்த நேரத்தில் எங்கே எத்தனை பருந்து பறக்கிறது என்று எண்ணி எழுதி, ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னார். விடியும்போதே, விமானங்கள் ஏறி இறங்கும் வழியில் இருக்கும் ஏரிப் பக்கம் போய் எண்ணுவார், அப்புறம் எங்கள் கரையில் படகு நிழலில் தொப்பியும் நோட்டுமாக உட்கார்ந்துவிடுவார். மேலே விமானம் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே, "மூக்கத் தூக்காத, எறக்கு எறக்கு" என்று திட்டுவார்.

"இன்னாக்கா இது, ஆகாசத்தாண்ட சண்ட போட்டுகினு கீது" என்று பக்கத்தில் மீன் விரிப்பவள் சிரிப்பாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் காலேஜ் ஆள் யாராக இருந்தாலும் எனக்கு எதிரிதான். மூன்று மாதம் வெயிலில் உட்கார்ந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்ததில்லை. எத்தனை மணிக்கு மீன் விரிப்பீர்கள் என்று கேட்டால், தோன்றும்போது என்பேன்.

வைகாசியில் ஒரு நாள் நோட்டைப் படகின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து போனார். எடுத்துப் பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பது தமிழ் மட்டும். அதில் இருந்தது இங்கிலீஷ். ஆனால் படம் புரிந்தது. எங்கள் கரையை வரைந்து, நாங்கள் மீன் விரிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் நம்பர் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் மண்ணைக் கட்டம் கட்டி நம்பர் போட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் கட்டம், அப்புறம் கல், அப்புறம் கம்பி வேலி. பருந்து எண்ணுகிறேன் என்று சொல்லி மனையா அளக்கிறாய் என்று ரத்தம் தலைக்கு ஏறியது. அலையில் இறங்கி, கை போனமட்டும் வீசி எறிந்தேன்.

அந்த அம்மா ஓடி வந்து, போட்டிருந்த உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினார். நோட்டு கிடைத்தது. எழுத்து இல்லை. கத்துவார் என்று பார்த்தேன். மூச்சு வாங்க நின்று, "ஏம்மா, இது உங்க பக்கம் பேசுற நோட்டும்மா" என்றார்.

"எங்க பக்கம் பேச எங்களுக்கு வாய் கீது. நீ கெளம்பு" என்றேன்.

மறுநாள் புது நோட்டோடு வந்து அதே படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஆனி மாதம் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் விசாரணை. பத்து பெண்கள் பஸ் பிடித்துப் போனோம். காலேஜ் பெரிய ஆள் பேசி முடித்ததும் அதிகாரி இந்த அம்மாவைக் கேட்டார். தன் முதலாளி எதிரிலேயே எழுந்து நின்று சொன்னார்: கரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பருந்து எண்ணினேன், வெயில் ஏறி மணல் சுட்ட பிறகுதான் மீன் மேல் பருந்து வருகிறது, அதற்குள் மாணவர்கள் விமானத்தை இறக்கிவிடுகிறார்கள். காலையில் பருந்து கூடுவது ஹோட்டல்காரர்களும் கோழிக்கடைக்காரர்களும் கழிவு கொட்டுகிற ஏரிக்கரையில். அதை நிறுத்துங்கள், இந்தப் பெண்களை விட்டுவிடுங்கள் என்றார்.

எழுதி வைத்ததைக் காட்டுங்கள் என்றார் அதிகாரி. சீசன் முடிந்ததும் மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று அந்த அம்மா வைத்திருந்தாராம்.

"மூணு மாச நோட்டு கடல் தண்ணில போயிடுச்சு சார். என் கவனக்குறைவு."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் எறிந்தேன் என்று எழுந்து சொல்ல வேண்டிய இடம் அது. யாருக்கும் கைகட்டாத இந்த உடம்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சில வாரம் எண்ணியது போதாது, ஒரு வருஷம் எண்ணுங்கள், அதுவரை கரையில் மீன் விரிக்கக் கூடாது என்று அதிகாரி எழுதிவிட்டார்.

திரும்பும்போது பஸ் முழுக்கத் திட்டுதான். "ஒரு நோட்ட வெச்சிக்கத் துப்பில்ல, இது பிளேன் ஓட்டக் கத்துக் குடுக்குதாம்" என்றாள் என்னோடு மீன் விரிப்பவள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த ஒரு வருஷம் மொட்டை மாடியிலும் சந்திலும் காயவைத்தோம். பாதி மீன் புழுத்தது. எதிர்த்துப் பேசியதற்காகக் காலேஜ் அந்த அம்மாவை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. அவர் லீவு போட்டும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து எண்ணினார். கரையில் மீனே இல்லாத வருஷத்திலும் ஏரியில் பருந்து குறையவில்லை. அதைக் காட்டித்தான் எங்கள் மணல் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

என்னை ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்று ஒரு நாள் கோபமாகவே கேட்டேன்.

"உங்கள மாட்டிவிட்டா பருந்து கொறையுமாம்மா?" என்றார்.

அவர் இப்போது வேறு ஊர்க் காலேஜில் இருக்கிறாராம். ஏரிக்கரையில் இன்றைக்கும் கோழிக் கழிவு கொட்டுகிறார்கள், கேட்பாரில்லை. நோட்டை எறிந்தது நான் என்று எங்கள் பெண்களுக்கு இதை அச்சில் பார்த்தால்தான் தெரியும். திட்டட்டும். எத்தனையோ பேர் எங்கள் கரையைக் கட்டம் போட்டுப் பிடுங்கியிருக்கிறார்கள், அதனால் என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கட்டங்கள் எதற்கு என்று அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதற்கு மட்டும் இன்றுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.