அக்காவுக்குப் போன முதல் தெரிவு

எங்கள் வீட்டுக்குள் ஐஸ் ஹொக்கி நுழைந்தது மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு. ரொறன்ரோவில் அப்போது சனி இரவு ஒன்பது. நாளையும் நேரத்தையும் இப்படிச் சேர்த்து நினைவில் வைப்பது என் பழக்கம். அன்று விடியற்புறம் மழை பெய்து ஓய்ந்திருந்தது, உள்துறைமுகத்தில் ஒரு சீமெந்துக் கப்பல் நின்றது என்பதையும் என்னால் சொல்ல முடியும். அதுவரை திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் நானும் மனைவியும் ஐஸைக் கண்டதெல்லாம் மீன்பெட்டிக்குள்தான்.

அழைத்தவன் என் பெறாமகன், மனைவியின் அக்கா மகன். கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவன். குடும்பம் சிதறிக் கிடக்கிறது, எல்லாரையும் ஒன்றாகப் பிடித்து வைக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்றான். நான்கு வீடுகள்: அக்காவும் அவருடைய கணவரான என் சகலனும், தனிவீடு போய்விட்ட பெறாமகன், மொன்றியலில் இருக்கும் மனைவியின் தம்பி, திருகோணமலையில் நாங்கள். அங்கே தொழில்முறை ஹொக்கி தொடங்கும் ஒவ்வொரு ஒக்டோபரிலும் வீட்டுக்கு எட்டு வீரர்களை முறை வைத்துத் தெரிவு செய்ய வேண்டும். ஏப்ரல் வரை அந்த எட்டுப் பேரும் கோல் போட்டாலும், மற்றவன் கோல் போடக் கைகொடுத்தாலும் எங்களுக்குப் புள்ளி. வென்ற வீட்டுக்குப் பரிசு என்று எதுவும் இல்லை. ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு வீடும் எங்கே கூடுவது என்பதை அந்த வீடு சொல்லும்.

முதல் இரண்டு தடவையும் சகலன்தான் வென்றார். இரண்டு தடவையும் ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியால ஓட்டத்தில், ஒரு ஏரிக்கரை வீட்டைச் சொன்னார். முதல் வருடம் எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. அடுத்த வருடம் விசா கிடைத்தது, ஆனால் மனைவியின் முழங்கால் அவ்வளவு நீண்ட பயணத்துக்கு இணங்கவில்லை. அக்கா கடைசியாக ஊருக்கு வந்து ஆறு வருடமாகியிருந்தது. தனியே விமானம் ஏற அவருக்குப் பயம். சகலன் கூட வர வேண்டும்; சகலனோ வெய்யில், நுளம்பு, விமானக் கதிரை என்று மூன்று காரணங்களை எப்போதும் கைவசம் வைத்திருப்பவர்.

ஆகவே மூன்றாம் வருடம், சென்ற ஒக்டோபரில், மனைவி என்னிடம் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இந்த முறை நாங்கள் வெல்ல வேணும். அக்கா இஞ்ச வரவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

வெல்ல ஒரு வழி இருந்தது. கடைசியாக வந்த வீட்டுக்கு அடுத்த வருடம் முதல் தெரிவு என்பது எங்கள் விதி. நாங்கள் தவறாமல் கடைசியாக வந்துகொண்டிருந்தோம்.

இந்த விதி பெறாமகன் சொந்தமாக யோசித்ததல்ல. அங்குள்ள கழகங்களும் ஒவ்வொரு கோடையிலும் பதினெட்டு வயதுப் பையன்களை இப்படித்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. தோற்ற கழகங்கள் முன்வரிசையில் நிற்கும், வென்றவை பின்னால். ஏழு சுற்று, இருநூற்றுக்கு மேற்பட்ட பையன்கள். முதலாவதாகப் பெயர் கூப்பிடப்படுகிறவன் அநேகமாக உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரன் ஆகிறான். பத்தாவது, இருபதாவது வரை சரிவு செங்குத்தாக இருக்கிறது. அதற்குப் பிறகு நிலம் சமதரையாகிவிடுகிறது. எழுபதாவதுக்கும் நூற்றெழுபதாவதுக்கும் உள்ள வித்தியாசம் தெரிவு செய்கிறவரின் கண்ணையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. பெரும்பாலானோர் பெரிய பனித்தளத்தில் கால் வைக்காமலே போகிறார்கள். ஒருசிலர் எல்லாரையும் வெட்கப்படுத்திக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இதைப் பற்றி அந்நாட்டார் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் நான் அவற்றை வாசித்தேன்.

தெரிவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது சகலன் தனியாக அழைத்தார்.

"தம்பி, ஒரு வியாபாரம் கதைப்பமே? உம்மட முதல் தெரிவை எனக்குத் தாரும். என்ர முதல் ரெண்டு தெரிவையும் நீர் எடும். கணக்குச் சரிவரக் கடைசிச் சுற்றில உம்மட முறையை எனக்கு விடும்."

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை."

"இதில யோசிக்க என்ன கிடக்கு? ஒண்டு பெரிசோ ரெண்டு பெரிசோ?"

கேள்வி அதுதான். அந்த வருடம் ஒரே ஒரு வீரனைப் பற்றித்தான் எல்லாரும் கதைத்தார்கள். மற்றவர்கள் அவனுக்கு வெகு கீழே. வென்ற வீடாகையால் சகலனின் முறை ஒவ்வொரு சுற்றிலும் கடைசி; அவர் தரும் நான்காவதும் எட்டாவதும் சேர்ந்தாலும் அவனாகாது என்று என் வாசிப்பு சொன்னது. எட்டுப் பேருடைய புள்ளியையும் கூட்டித்தானே வெற்றி, இரண்டு நல்ல ஆட்கள் அவனுக்கு ஈடாகலாம் என்று மனம் சொன்னது. மனைவியிடம் கேட்டேன். அவள் சல்லி என்ற கரையோர ஊரில் பிறந்தவள். அவளுடைய ஆட்கள் கரைவலை இழுத்தவர்கள். அங்கே கறிக்கு எடுக்கும் மீனைக் கூறு கூறாக மணலில் வைக்கும்போது, கூறு வைத்தவன் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அதனால் அவன் ஒரு பாரைக் குஞ்சைக்கூட மாற்றி மாற்றி வைத்துச் சமன் செய்வான். எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

"அது மாதிரி இல்லையே இது," என்றேன். "இந்தக் கூறுகளை ஆரும் சமன் செய்து வைக்கேல்லை. முதல் கூறில ஒரு முழு அறக்குளா கிடக்கு. மிச்சத்தில சூடையும் சாளையுமாப் பொடிமீன்."

"அப்ப என்னத்துக்கு என்னட்டக் கேக்கிறியள்? அறக்குளாவை எடுங்கோ."

அப்படியே முடிவாயிற்று. சகலனுக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன். பெயரை மனைவியே சொல்லட்டும் என்றும் தீர்மானித்தோம், ஆசை அவளுடையதுதானே. அந்தக் கிழமை முழுவதும் அவள் அந்த வெள்ளைக்காரப் பெயரை மாவறுக்கும்போதும் தலை சீவும்போதும் சொல்லிப் பழகினாள்.

ஞாயிறு காலை போனை மேசையில் செம்பின்மேல் சாய்த்து வைத்தோம். நான்கு சதுரங்களில் நான்கு வீடும் தெரிந்தன. பெறாமகன் விதிகளை நினைவூட்டினான். முந்திய வருடம் மொன்றியல் மச்சான் சொன்ன பெயரை மூன்று தரம் மாற்றி எல்லாரையும் வதைத்ததால் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: வாயால் சொன்னது சொன்னதுதான்.

"சின்னம்மா, முதல் தெரிவு உங்கட. சொல்லுங்கோ."

திரையில் அக்கா சகலனுக்குப் பக்கத்தில் இருந்து தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடியே, நல்லா மெலிஞ்சு போனாய்," என்றார்.

மனைவியின் முகம் இளகியது. பந்தியில் சோற்றுக் கரண்டியை எடுத்து நீட்டுவது போல ஒரு கையை நீட்டி, "அக்கா இருக்கேக்க நான் முதல் எடுக்கிறதே? நீங்கள் எடுங்கோ அக்கா," என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சிரித்துக்கொண்டே, "அப்ப எல்லாரும் சொல்லுற அந்தக் கெட்டிக்காரப் பொடியனைத் தாங்கோ," என்று அவன் பெயரையும் சொல்லிவிட்டார்.

சகலன் கதிரையிலிருந்து எழும்பிக் கைதட்டினார்.

"இது சரியில்லை," என்றேன். "அவள் மரியாதைக்குச் சொன்னவள்."

"தம்பி, வாயால சொன்னது சொன்னதுதான். அவள் என்ர மனிசிக்குத்தானே குடுத்தவள். மனிசிக்குக் குடுத்தா வீட்டுக்குக் குடுத்த மாதிரி."

பெறாமகன் தகப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "சித்தப்பா, விதி விதிதான். உங்களுக்கு அப்பான்ர முறை வரும், நாலாவது."

"அப்ப போன கிழமை சொன்ன மாதிரி ரெண்டாம் சுற்று முறையையும் தரட்டும்."

"அது போன கிழமை விலை," என்றார் சகலன்.

"குடுங்கோ," என்றார் அக்கா. "சின்னவளிட்டச் சும்மா வாங்கேலாது."

சகலன் கொடுத்தார். அக்காவுக்குச் சகலன் எதிர்ப்பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. ஆக, அவர் கேட்ட அதே வியாபாரம் நான் மறுத்த பிறகும் நடந்து முடிந்தது. அதற்குள் ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வேலிக்குள் தலையை விட்டுச் செவ்வரத்தைச் செடியைக் கடிக்கத் தொடங்க, மனைவி அதைத் துரத்துவதற்கென்று எழுந்து போனாள். மான் போன பிறகும் அவள் வர நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது. "பழக்கத்தில வந்திட்டுது," என்றாள். "விடும். இன்னும் எட்டுப் பேர் இருக்கினம்," என்றேன்.

கடைசியாக எங்களுக்கு மிஞ்சியவனை எவரும் விரும்பவில்லை. அவனைக் கழகமும் ஏழாம் சுற்றில், பெயர் கூப்பிடுகிறவரின் குரல் களைத்த நேரத்தில்தான் எடுத்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. மனைவி அவனுக்குப் பொக்கைவாய் என்று பெயர் வைத்தாள்.

அந்த மழைக்காலத்தை நான் மகிழ்ச்சியோடுதான் நினைக்கிறேன். அங்கே மாலை ஆட்டம், இங்கே விடியல். தேத்தண்ணீர் வைக்கும்போது புள்ளிகள் வந்துவிடும். நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்ப, எங்கள் தேத்தண்ணீரும் ஒரு மணித்தியாலம் பிந்தியது. முதல் தெரிவின் மதிப்பு என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்காவின் பொடியன் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை; இரண்டு பேர் செய்ய வேண்டியதைத் தனியே செய்தான். நான்காவதும் எட்டாவதும் நல்ல பிள்ளைகள், ஆனால் அவர்களைச் சேர்த்துத் தைத்தாலும் அவனாகவில்லை. என் வாசிப்புப் பொய்க்கவில்லை. ஆனால் ஒரு பெரியவனை வைத்திருப்பவர் அவனை மட்டும் பார்ப்பார். சின்னவர்களை வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு காலையும் எங்காவது ஒரு புள்ளி விழும். பொக்கைவாய் தை மாதத்தில் ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டபோது மனைவி பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனாள். அவர்களுக்கு என்ன சொன்னாள், அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று தெரியாது. ஒரு கிண்ணம் பாயாசத்தோடு திரும்பி வந்தாள்.

மாசியில் முன் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டாள். குளியலறையில் அக்கா பிடித்து நடக்க ஒரு கம்பி வைப்பித்தாள்.

ஏப்ரலில் முடிந்தது. சகலன் வீடு முதலாவது, நாங்கள் இரண்டாவது. வித்தியாசம், பொக்கைவாய் இரண்டு நல்ல கிழமையில் எடுக்கக்கூடிய புள்ளிதான். சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஞாயிறு நான்கு சதுரங்களும் மீண்டும் கூடின. மனைவி போனுக்குச் சற்றுத் தள்ளி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

சகலன் தொண்டையைச் செருமினார். "சரி. இந்த வருசமும் அந்த ஏரிக்கரை வீட்டைத்தான்..."

"நில்லுங்கோ," என்றார் அக்கா. "அந்தப் பொடியனை ஆர் எடுத்தது?"

"நாங்கள்தான்."

"நாங்களோ? அவள் உங்களிட்டையா குடுத்தவள்? என்ர மனிசிக்குத்தான் குடுத்தவள் எண்டு நீங்கள்தானே எழும்பி நிண்டு சொன்னியள். அவன் இல்லாட்டி நீங்கள் மூண்டாவது. இடத்தை நான் சொல்லுறன். திருகோணமலை."

"அது வீட்டுக்குக் குடுத்த மாதிரி எண்டும் சொன்னனானே!"

"ஓம். அந்த வீட்டில நானும்தானே இருக்கிறன்."

மொன்றியல் மச்சான் சிரிப்பில் திரையை விட்டே போய்விட்டார். பெறாமகன் மிக நிதானமாக, "அப்பா, வாயால சொன்னது சொன்னதுதான்," என்றான். சகலன் வெய்யிலைச் சொன்னார். ஓகஸ்டில் கடற்காற்று இருக்கும் என்றேன். நுளம்பைச் சொன்னார், ஏரிக்கரையில் உங்களைக் கடித்தவை என்ன என்று அக்கா கேட்டார். விமானக் கதிரையைப் பற்றி அவர் தொடங்கவில்லை. மனைவி இப்போது போனுக்கு மிக அருகில் வந்திருந்தாள். அவர்கள் பக்கத்தில் அவளுடைய நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

வந்தார்கள். ஓகஸ்ட் இரண்டாம் கிழமை, நான்கு வீடும். அக்கா முன் அறையில் தங்கினார். கம்பியைப் பிடிக்கவேயில்லை, அது நான் துவாய் போடும் இடமாயிற்று. ஒரு காலை எல்லாரும் நிலாவெளிக் கரைக்குப் போனோம். வலை கரையேறியிருந்தது. மனைவிக்குத் தெரிந்த ஒருவர் எங்களுக்கென்று நான்கு கூறு வைத்து, விருந்தாளி முதலில் எடுக்கட்டும் என்றார். சகலன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நான்கையும் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"தம்பி, இதில எது நல்லது?"

"எல்லாம் ஒண்டுதான் அண்ணை."

"அப்ப முதலாவதா எடுத்து என்ன பிரயோசனம்?" என்றார், உண்மையிலேயே மனவருத்தத்தோடு.

அக்காவிடம் கேட்கலாம் என்று திரும்பினோம். அக்காவும் தங்கையும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈர மணலில் இறக்கக்கண்டிப் பக்கமாக வெகுதூரம் நடந்து போயிருந்தார்கள். முழங்காலைப் பற்றி அன்று மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை.