சாட்சிக் கூண்டில் என் குரல்

நம்பினால் நம்புங்கள். இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை. கூட்டிச் சொல்லிப் பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது? எனக்கு வெட்கம்தான்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் சிற்றூரின் பழைய நீதிமன்றம் 1891இல் கட்டியது. சுண்ணாம்புக்கல் சுவர், நடுவில் பெரிய குவிமாடம். இப்போது அங்கே வழக்கு எதுவும் நடப்பதில்லை. வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது என் வேலை. அந்தக் குவிமாடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சாட்சிக் கூண்டில் நின்று முணுமுணுத்தால், எதிரே மாடியில் இருப்பவருக்குக் காதோடு சொன்னதுபோல் கேட்கும்.

பத்தொன்பது வயதில், ஒரு மார்ச் 14 அன்று, அதே கூண்டில் நானும் சாட்சி சொன்னேன். டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் என்பவர் ஒரு தானியக் கொட்டகைக்குத் தீ வைத்ததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தேன். உண்மையில் நான் பார்த்தது என் தம்பியை. டெல்பர்ட்டுக்கு ஆறு வருடம் போட்டார்கள். சிறையிலேயே இறந்துபோனார்.

நாற்பத்திரண்டு வருடம் கழித்து, போன மார்ச் 14. மாலை மணி 3.17. வந்திருந்தது ஒரு வயதான தம்பதி மட்டும். கணவரை மாடிக்கு அனுப்பினேன்.

"என் பொண்டாட்டி பக்கத்துல நின்னு கத்துறதே எனக்குக் கேக்காது. இது எங்க கேக்கப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

கூண்டில் நின்று, "இந்தக் கட்டடத்துக்கு வயசு நூறைத் தாண்டிடுச்சு" என்று வழக்கம்போல் முணுமுணுத்தேன்.

"கேட்டுச்சு..." மேலிருந்து பதில் வந்தது. சிரிப்பைக் காணோம். "யாரும்மா அந்த டெல்பர்ட்?"

என் கை கூண்டின் கட்டையை இறுகப் பிடித்தது.

"நான்... அந்தப் பேரைச் சொல்லலையே."

"டெல்பர்ட்டை நான் பார்க்கவே இல்லன்னு சொன்னீங்களே."

உதட்டைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன்.

"தீ வச்சது உங்க தம்பியா...?"

நான் மூச்சுகூட விடவில்லை.

"ஏம்மா அழுவுறீங்க?"

நான் அழவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டெல்பர்ட்டின் தங்கை ஆர்லீன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவள் கத்தவில்லை. கதவையும் சாத்தவில்லை.

"தெரியும் வெர்னா. நீயா நேர்ல வந்து சொல்லணும்னுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்."

"எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் மார்ச் பதினாலு சாயங்காலம் ஃபோன் பண்ணி இதையேதானே சொல்லி அழுவுற?"

அவள் வீட்டு ஃபோன் எண் எனக்குத் தெரியாது. ஒருநாளும் நான் அவளுக்கு ஃபோன் செய்ததில்லை.

ஆர்லீன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நேத்து மட்டும்தான் ஃபோன் வரல."